தாரணிக்கு ஒரு ரிவால்வர்

துப்பாக்கி விற்கிற கடைக்குப் பெண்பிள்ளை போனால் முதலில் உட்காரச் சொல்கிறார்கள். பிறகு காபி வருகிறது. துப்பாக்கி மட்டும் வருவதில்லை. மதுரையில் அந்தக் கடைக்காரர் என்னைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் பின்னால் வருகிறாரா என்று கேட்டார். சார் செத்து இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். லைசென்ஸ் என் பெயரில்தான் இருக்கிறது, அன்னக்கொடி என்று அச்சடித்திருக்கும், எழுத்துக் கூட்டியாவது படித்துப் பாருங்கள் என்று மேஜையில் வைத்தேன். எனக்கு இருந்த எரிச்சலில் கொஞ்சம் ஓங்கித்தான் வைத்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அவளுக்காகத்தான் இத்தனை அலைச்சலும். பிளஸ் ஒன் படிக்கிற என் ஒரே மகள். இரண்டு வருஷமாக அவள் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளைத் திரும்பப் பிடித்து இழுக்க ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவளாக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

நாங்கள் இருப்பது கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டி. என் வீட்டுக்காரர் ஜெயமுருகன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து கேரட்டும் பூண்டும் போட்டார். எங்கள் பக்கம் காட்டுமாடு தோட்டத்தில் இறங்கினால் வெடி போட்டுத்தான் விரட்டுவோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. போடப் போகிறவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும். மேலேயும் கீழேயும் வேலை செய்கிறவர்கள் ஒதுங்கி நின்று, ஆச்சு என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திரியில் நெருப்பு வைக்கலாம். சத்தம் கேட்டால் மாடு எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது, அதற்கே தெரியாது.

அன்றைக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. அவர் தோட்டத்தின் மேல் தட்டில் குனிந்து வேலி கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே தொட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெடிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது காட்டுமாட்டின் முதுகு மேலே ஏறிப் போவதைத்தான் பார்த்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு அதைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது. வயிற்றில் கொம்பு ஏறினால் ஆஸ்பத்திரி வரைக்குமா தாங்கும்.

யார் வெடி போட்டது என்று ஊர் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து வேலப்பன், என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், நான்தான் போட்டேன் என்றான். அவசரத்தில் குரல் கொடுக்க மறந்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் விட்டேனா? எழவு வீட்டு வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினேன். வெடியை எறிந்த கை அழுகிப் போக வேண்டும், அந்தக் கையால் ஒரு பிடி சோறு இறங்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித் தூற்றினேன். எங்கள் நிலத்தின் வழியாக அவன் தோட்டத்துக்குப் போன தண்ணீர்க் குழாயையும் மறு வாரமே அறுத்துப் போட்டேன். இரண்டு வருஷமாக அவன் ஓடையிலிருந்து குடத்தில் சுமந்துதான் பூண்டுக்கு ஊற்றினான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

தாரணிக்குச் சத்தம் ஆகாமல் போனது அதற்குப் பிறகுதான். குக்கர் விசில் அடித்தால் வெளியே ஓடிவிடுவாள். தீபாவளிக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டேன், பேத்துப்பாறையில் மந்திரிக்க வைத்தேன், திண்டுக்கல்லில் மனசு டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிள்ளை தூங்கினாள், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள். அப்பா பாசம், அதுதான் இப்படி ஆட்டுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. பார்க்கிற இசபெல்லா டீச்சர் போன் செய்தார். கேம்ப்பில் பாயின்ட் டூ டூ ரைஃபிள் சுடக் கொடுத்தார்களாம். தாரணி பயந்து அழுவாள் என்று டீச்சர் பக்கத்திலேயே நின்றாராம். பிள்ளை சுட்டுவிட்டு எழுந்து சிரித்தாளாம். போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தாள் என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாகிறது. வீட்டுக்கு வந்ததும், குக்கருக்கே ஓடுகிறவள் அதை எப்படிடி தாங்கினாய் என்று கேட்டேன்.

"அங்க நான் அமுக்குனாத்தாம்மா சத்தம் வரும்," என்றாள்.

எனக்கு அது முழுசாக விளங்கவில்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்த மாதிரி இருந்தது. பலூன் சுடுகிற ஏர்கன் வாங்கித் தரட்டுமா என்றேன், அதில் சத்தமே இல்லையே, நிஜத் துப்பாக்கிதான் வேண்டும் என்றாள். அவளுடைய அப்பா பட்டாளத்துக்காரர் என்று லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ரிவால்வர் அவர் போன நாளிலிருந்து மதுரைக் கடையில்தான் பாதுகாப்பில் கிடந்தது. வாரிசு என்று எழுதிக் கொடுத்து லைசென்ஸை என் பெயருக்கு மாற்றியிருந்தேன். அந்தத் துப்பாக்கியே பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்டால், ஆகாது, கையை உதறும், சத்தமும் காதைக் கிழிக்கும் என்றார்கள். அதைக் கொடுத்துவிட்டுச் சின்னத் தோட்டா போடுகிற பாயின்ட் டூ டூ ரிவால்வர் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், மதுரை ரைஃபிள் கிளப்பில் நான் கூட நின்றால் பிள்ளை சுட்டுப் பழகலாம் என்று டீச்சர்தான் விசாரித்துச் சொன்னார். கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன்.

சொந்தபந்தமெல்லாம் வாயில் வந்தபடி பேசியது. இப்படிக் கிடக்கிற பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறாயே, உனக்கென்ன கிறுக்கா என்றார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதை நானே சொல்கிறேன். அவள் அதைத் தன் பக்கம் திருப்பிவிடுவாளோ என்று நானும் பயந்தேன். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். துப்பாக்கி ஒரு நாளும் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்றார். கடையிலேயே இருக்கும், கிளப்புக்குப் போகிற நாளில் நான் எடுப்பேன், முடிந்ததும் நானே திரும்பக் கொடுப்பேன் என்று முடிவு செய்த பிறகுதான் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் ஒருவழியாக இரும்பு அலமாரியைத் திறந்தார். முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், குழல் விரல் நீளம்கூட இல்லை. லேடீஸ் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்வதற்கென்றே வந்தது என்று பெருமையாகச் சொன்னார். ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு நான் யாரைச் சுடப் போகிறேன் என்று கேட்டேன். பிள்ளை அட்டையில் குறி பார்த்துச் சுட வேண்டும், அதற்கு ஆகுமா ஆகாதா? ஆகாது என்று ஒத்துக்கொண்டார். குழல் குட்டையாக இருந்தால் குறி அலையுமாம், கனம் இல்லாததால் கை நடுக்கமும் கூடத் தெரியுமாம்.

இரண்டாவது வெளிநாட்டுச் சரக்கு, பழசு. நீளக் குழல், மரப்பிடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தாரணி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். பிடி பருமனாக இருந்ததால் அவள் விரல் விசைக்கு எட்டியும் எட்டாமலும் போயிற்று. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. குழலும் அளவாக, கனமும் அளவாக, பிடி ரப்பர். கடைக்காரருக்கு இப்போதுதான் உற்சாகம் வந்தது. இந்தத் தோட்டாவில் ஊசி வந்து அடிப்பது பின்பக்கத்தின் நடுவில் இல்லை, விளிம்பில் என்று காட்டினார். அதனால் வெறும் துப்பாக்கியை டக் டக்கென்று அமுக்கிப் பார்க்கக் கூடாது, ஊசி வெறும் இரும்பில் அடித்து மழுங்கிவிடும் என்று சொல்லி, பழகுவதற்கென்று இருக்கிற பிளாஸ்டிக் டம்மித் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தார்.

சுடுவதற்கு இரண்டு வழியாம். விசையை ஒரே இழுப்பாக இழுத்தும் சுடலாம். அது கடினம், இழுக்கிற இழுப்பில் குறி போய்விடும். இல்லையென்றால் பின்னால் இருக்கிற சுத்தியலைக் கட்டை விரலால் இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு விசையை லேசாகத் தொட்டால் போதும். குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு அதுதான் சரி என்றார். அதுவரைக்கும் வாயே திறக்காத தாரணி அப்போது கேட்டாள்.

"இழுத்து நிறுத்துனதுக்கப்புறம் சுட வேணாம்னு தோணுனா என்னங்க செய்யறது?"

கடைக்காரர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். எத்தனை தூரம் போகும், எத்தனை குண்டு பிடிக்கும் என்றுதான் எல்லாரும் கேட்பார்களாம். குழலைத் தரைப்பக்கம் காட்டி, சுத்தியலைக் கட்டை விரலால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, விசையை மெல்ல அமுக்கி, சுத்தியலை அப்படியே கூடவே கொண்டுவந்து பழைய இடத்தில் இறக்கி வைத்தார். சத்தமே வரவில்லை. அவ்வளவுதான் பாப்பா என்றார்.

தாரணி வாங்கிச் செய்து பார்த்தாள். இழுத்தாள், நிறுத்தினாள், இறக்கினாள். மறுபடி இழுத்தாள், இறக்கினாள். பழைய துப்பாக்கியையும் எடுத்து அதே மாதிரி செய்தாள். அதன் சுத்தியல் தேய்ந்து போயிருந்தது, கட்டை விரல் வழுக்கியது. அதைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவதையே திரும்ப எடுத்தாள். குறி பார்க்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுப்பதும் இறக்குவதுமாகவே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸைப் பிடித்து நாலு மணிக்குள் மலை ஏற வேண்டும்.

"ஏண்டி, சுடுறதுக்கு வாங்குறியா, சுடாம இருக்கிறதுக்கு வாங்குறியா?" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, பேப்பர் எடுக்க உள்ளே போனார்.

தாரணி சிரிக்கவில்லை. துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். "வெடியில இப்பிடி முடியாதும்மா. திரி பத்துனா பத்துனதுதேன்," என்றாள்.

வெடிப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்டேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்குப் போட்டது வேலப்பன் சித்தப்பா இல்லம்மா. நாந்தேன்."

கடைக்காரர் பேப்பரோடு வந்து, இதையே எழுதிவிடலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். எங்கெங்கே கையெழுத்துப் போட்டேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. துப்பாக்கி அலமாரிக்குள்ளேயே திரும்பப் போயிற்று. நாங்கள் பஸ்ஸுக்கு வந்தோம்.

வத்தலக்குண்டு தாண்டும் வரைக்கும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அடிவயிற்றிலிருந்து வந்தது. குரல் கொடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று நடக்கப் பழகும்போதே சொல்லி வளர்த்த பிள்ளை. ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பார். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பாயில் படுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்புக்கு நடுவில்தான் நான் மண்ணைத் தூற்றியது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்று அதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் இவள்தானே. ஒரு பிடி சோறு இறங்கக் கூடாது என்றேன். அப்படியே இறங்காமல்தான் இருந்தது.

முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது, "திட்டும்மா," என்றாள். ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்ட எனக்கு வாய் வரவில்லை. எதற்கும் பின்வாங்காத வாய் என்று ஊரில் பெயர் எடுத்தவள் நான். அவள் தலையில் கை வைக்கவும் கை போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு மூலையில் சுருண்டுகொண்டோம்.

மறுநாள் வெள்ளனே எழுந்து வேலப்பன் தோட்டத்துக்குப் போனேன். பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். வரப்பில் நின்றபடி அவன்தான் முதலில் பேசினான்.

"புள்ள சொல்லிருச்சா மதினி?"

சொல்லிவிட்டாள் என்றேன். நான் பெற்ற பிள்ளை செய்ததை நீ ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாய், நான் உன்னை என்னவெல்லாம் பேசினேன், தண்ணீரைக்கூட நிறுத்தினேனே, ஒரு நாளாவது திருப்பிக் கேட்கக் கூடாதா என்று சண்டைக்குப் போனவள் மாதிரிதான் கேட்டேன். எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது. அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அவள் எதற்காகப் போட்டாள் என்று சொன்னாளா என்று கேட்டான்.

எதற்காகப் போடுவார்கள். மாட்டை விரட்டத்தான்.

"மாடு மொதல்ல மேல போகல மதினி. ஒங்களப் பாத்துத்தேன் எறங்கி வந்துச்சு," என்றான். "நான் இங்கன நின்னு பாத்தேன். நீங்க தொட்டியில குனிஞ்சு கெடக்கீங்க. புள்ள அம்மா அம்மான்னு கத்துது, நானும் கத்துறேன். மோட்டார் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல. அதுக்குள்ள மாடு தொட்டிக்கிட்ட வந்துருச்சு. புள்ள ஒங்களுக்குப் பின்னால ஓடி வந்து, மோட்டார் கொட்டகை ஓரமா நின்னு, ஒங்களுக்கும் மாட்டுக்கும் நடுவுல வெடிய வீசுச்சு. அண்ணன் மேல வேலி கட்டுறது அதுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் வேற என்ன செய்யும், நீங்களே சொல்லுங்க."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பார்த்தது மாட்டின் முதுகை. அதன் முகம் எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அண்ணனத் தூக்குறதுக்கு முன்னாலயே எங் கால்ல விழுந்துருச்சு மதினி. அம்மாகிட்டச் சொல்லாதீங்க சித்தப்பா, தன்னக் காப்பாத்தப் போயித்தேன் அப்பா செத்துச்சுன்னு அம்மா நெனைக்கும், அப்பறம் அம்மாவும் இருக்காதுன்னு சொல்லுச்சு. அந்தப் புள்ளையத் தூக்கி நிறுத்திட்டு, ஊரு கேட்டப்ப நாந்தேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குத் தோணல."

பதினாலு வயதில் இத்தனையும் யோசித்திருக்கிறாள். நேற்றுக் கடையில் போட்டது நான்தான் என்று சொன்னவள், எதற்காகப் போட்டேன் என்பதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து என் கோபத்தை வாங்கிக்கொண்டு வந்தாளே தவிர, உனக்காகத்தான் என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கோபம் அந்த நிமிஷமே செத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். நான் என்னையே தின்றுவிடக் கூடாது என்று திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்திருக்கிறாள். வேலப்பனிடம் என்ன சொல்லிவிட்டு எழுந்தேன் என்று தெரியவில்லை. இன்றைக்கே குழாயை ஒட்டிவிடு என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது தாரணி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடிக்க வருகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாடு என் பக்கம் வந்துச்சாம்ல," என்றேன்.

அவள் முகம் வெளிறியது. "சித்தப்பா சொல்லிட்டாரா? அதெல்லாம் இல்லம்மா, சும்மா சொல்றாரு. நான் வெளாட்டுக்குத்தேன் போட்டேன்," என்றாள். அப்போதும் அவள் விடவில்லை பாருங்கள். என் வயிற்றில் பிறந்த பிடிவாதம்.

அவள் கையைப் பிடித்து இழுத்து என் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். எடுக்கப் பார்த்தாள், நான் விடவில்லை.

"சூடா இருக்குல்ல? நீ போட்டதாலதாண்டி இருக்கு. உங்கப்பா போனதுக்கு நானும் காரணம் இல்ல, நீயும் காரணம் இல்ல. அப்பிடியே நான்தான்னு ஒரு நாள் எனக்குத் தோணுனாலும் நான் செத்துற மாட்டேன். நீ காப்பாத்துன உசுரு, அத நான் எப்பிடிடி போக்கிக்குவேன்?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். எதையோ தேடுகிற மாதிரி கண்ணிலும் நெற்றியிலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் உதடு கோணிக்கொண்டு வந்தது. அப்பா என்று ஒரு சத்தம் போட்டாள். பூண்டுத் தோட்டத்தில் இருந்த வேலப்பனுக்கே கேட்டிருக்கும். என் மடியில் விழுந்து அப்பா அப்பா என்று அடித்துக்கொண்டு அழுதாள்.

எழவு வீட்டில்கூட அவள் அழவில்லை. தனக்கு அழ உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் அப்பாவுக்காக அவள் அழுதது அன்றைக்குத்தான்.